பிராட்டா மாவுக்குப் பின்னால் ஒரு கணக்கு: கோதுமையில் எது மாறும், எது எதோடு சேர்ந்து வரும்

சிங்கப்பூரில் கோதுமை ஒரு கதிர்கூட விளைவதில்லை. ஆனால் காலையில் பிராட்டா, மதியம் மீ கோரெங், இரவு சப்பாத்தி என்று மூன்று வேளையும் கோதுமையிலேயே ஓட்டிவிடுகிறவர்கள் இங்கே ஏராளம். இந்த மூன்றுக்கும் ஒரே மாவு உதவாது என்பது கடை நடத்துகிற எவருக்கும் தெரியும். பிராட்டா மாவை வீசினால் கிழியாமல் விரிய வேண்டும். விரிந்தபின் உள்ளே சுருங்கிக்கொள்ளக் கூடாது. சப்பாத்தி மாவு தண்ணீரை நன்றாக இழுக்க வேண்டும்; அப்போதுதான் ஆறிய பிறகும் மிருதுவாக இருக்கும். மஞ்சள் மீ ஈரச்சந்தையில் மதியம்வரை கிடந்தாலும் பழுப்பேறக் கூடாது.

மாவு ஆலைக்காரர்கள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா என்று பல நாட்டுக் கோதுமைகளைத் தேவைக்கேற்பக் கலந்து அரைத்து இதில் பாதி வேலையை முடிக்கிறார்கள். மீதிப் பாதி, அந்தக் கோதுமை விதையாக இருந்தபோதே முடிவாகிவிட்டது. எங்கோ ஒரு பயிர் இனப்பெருக்க நிலையத்தில் யாரோ ஒருவர் பல நூறு வரிசைகளில் விதைத்து, அளந்து, சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துக்கட்டியிருக்கிறார். அவர் முன்னால் எப்போதும் இரண்டு கேள்விகள் இருக்கும். இந்தச் செடிகளுக்குள் நான் பார்க்கிற வேறுபாட்டில் எவ்வளவு மரபு, எவ்வளவு மண்ணும் மழையும்? ஒரு குணத்தைத் தேர்ந்தெடுத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு வேறு என்னென்ன வரும்?

இரண்டாவது கேள்விதான் கடினமானது என்று நான் நினைக்கிறேன். முதல் கேள்விக்குச் சூத்திரம் இருக்கிறது. இரண்டாவதற்குச் சூத்திரம் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை.

முதலில், வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்கள் சேர்ந்து உருவான பயிர். ஒவ்வொன்றிலிருந்தும் 14 குரோமோசோம்கள் என மொத்தம் 42. முதல் இரண்டும் இணைந்து எம்மர் கோதுமை ஆனது. நம் ஊர்ப் பழைய சம்பா கோதுமை இந்த வகைதான். அதில் 28 குரோமோசோம்கள். பிறகு, சுமார் 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, எம்மர் விளைந்த வயலோரத்தில் முளைத்திருந்த ஈஜிலாப்ஸ் டவ்ஷி என்ற காட்டுப்புல் அதனோடு கலந்தது. ரொட்டியை உப்ப வைக்கும் பசையத்தின் முக்கியமான புரதங்கள் சில அந்தப் புல் கொடுத்தவை. ஆனால் அந்தக் கலப்பு மிகச் சில முறையே நிகழ்ந்தது. அதனால் டி மரபுத்தொகுதி எனப்படும் அந்தப் பகுதியில் வேறுபாடு இன்றும் குறைவு. மெக்சிகோவில் உள்ள சிம்மிட் என்ற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையம், எம்மரின் உறவான துரும் கோதுமையோடு காட்டுப்புல்லை மறுபடி கலந்து செயற்கைக் கோதுமைகளை உருவாக்கி வருவது இந்தக் குறையை நிரப்பத்தான்.

மனிதத் தேர்வும் வேறுபாட்டைக் குறைத்திருக்கிறது. இங்கிலாந்தின் தாவரவியலாளர் ஏ. ஈ. வாட்கின்ஸ் 1920, 30களில் 32 நாடுகளிலிருந்து நாட்டுக் கோதுமைகளைத் திரட்டினார். அவற்றில் 827 வகைகளின் மரபுத்தொகுதியை முழுமையாகப் படித்து, இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையமும் சீன ஆய்வாளர்களும் 2024-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அந்த வகைகள் ஏழு மூதாதைக் குழுக்களாகப் பிரிகின்றன. இன்றைய நவீன ரகங்கள் அவற்றில் இரண்டே இரண்டு குழுக்களிலிருந்து வந்தவை. வாட்கின்ஸ் சேகரித்ததில் சுமார் 60 விழுக்காட்டு மரபு வேறுபாடு நவீன ரகங்களில் இல்லவே இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உறைகளில் போட்டு வைத்த விதைகள் இன்றைக்கு இவ்வளவு பெரிய கருவூலமாக நிற்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

கண்ணுக்குத் தெரிவதும் கைக்கு வருவதும்

இனி அளவைக்கு வருவோம். தொடக்கக் கல்லூரிக் கணிதத்தில் திட்ட விலக்கம் படித்தவர்களுக்கு இது எளிது. ஒரு குணத்தின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு கிடைக்கும். வயலில் அளந்ததை அப்படியே போட்டால் அது புறத்தோற்ற மாறுபாடு. ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் திரும்பத் திரும்ப விதைத்து, மண்ணால் வந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் அது மரபு மாறுபாடு. திட்ட விலக்கத்தின் வர்க்கம்தான் பரவற்படி. மரபுப் பரவற்படியை மொத்தப் பரவற்படியால் வகுத்தால் வருவது மரபுவழித்திறன்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வயலில் 200 கோதுமை வரிசைகள். ஆயிரம் மணிகளின் சராசரி எடை 40 கிராம், திட்ட விலக்கம் 4 கிராம். சராசரி விளைச்சல் எக்டருக்கு 5 டன், திட்ட விலக்கம் 0.6 டன். முன்னதன் புறத்தோற்ற மாறுபாடு 10 விழுக்காடு, பின்னதன் மாறுபாடு 12 விழுக்காடு. மேலோட்டமாகப் பார்த்தால் விளைச்சலில்தான் தேர்ந்தெடுக்க அதிக இடம் இருப்பதாகத் தோன்றும்.

இப்போது மரபுவழித்திறனைச் சேர்ப்போம். மணி எடைக்கு 0.8, விளைச்சலுக்கு 0.3 என்று வைத்துக்கொள்வோம். மரபு மாறுபாடு மணி எடையில் 8.9 விழுக்காடு, விளைச்சலிலோ 6.6 விழுக்காடாகச் சரிந்துவிடுகிறது. சிறந்த 5 விழுக்காட்டை, அதாவது 10 வரிசைகளை, மட்டும் வைத்துக்கொண்டால் அடுத்த தலைமுறையில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு வாய்பாடு உண்டு: 5 விழுக்காட்டுத் தேர்வுக்குரிய 2.06 என்ற எண்ணைத் திட்ட விலக்கத்தாலும் மரபுவழித்திறனாலும் பெருக்க வேண்டும். மணி எடைக்கு 6.6 கிராம், சராசரியில் 16 விழுக்காடு ஏற்றம். விளைச்சலுக்கு 0.37 டன், 7 விழுக்காடுதான். கண்ணுக்கு அதிகமாகத் தெரிந்த வேறுபாட்டில் கைக்கு வருவது பாதிக்கும் குறைவு.

மரபுவழித்திறனை மட்டும் பார்க்காமல், தேர்வால் கிடைக்கும் முன்னேற்றத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஜான்சன், ராபின்சன், காம்ஸ்டாக் மூவரும் 1955-ல் சோயா அவரை ஆய்வில் வற்புறுத்தினார்கள். மாறுபாட்டுக் கெழு 10-க்குக் கீழே இருந்தால் குறைவு, 10 முதல் 20 வரை நடுத்தரம், 20-க்கு மேல் அதிகம் என்று இன்று உலகெங்கும் கோதுமை ஆய்வாளர்கள் எடுத்தாளும் வரையறைக்கு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. அது சிவசுப்பிரமணியன், மாதவ மேனன் இருவரும் நெல்லைப் பற்றி 1973-ல் மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னலில் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. எத்தியோப்பியாவிலும் பாகிஸ்தானிலும் கோதுமை ஆய்வுக் கட்டுரைகளில் இந்த இரு பெயர்களையும் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

கூடவே வரும் குணங்கள்

விளைச்சல் நேரடியாக எளிதில் பிடிபடாததால், எளிதில் பிடிபடும் வேறொரு குணத்தைப் பிடித்து அதன் வழியே விளைச்சலை உயர்த்த முடியுமா என்று பார்ப்பது இயல்பு. அதற்குத்தான் ஒட்டுறவுக் கெழு: இரண்டு குணங்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண். ஆனால் ஒட்டுறவு பல நேரம் உண்மையை மறைத்துவிடும். கோதுமையில் விளைச்சல் மூன்று துண்டுகளால் ஆனது: சதுர மீட்டருக்கு எத்தனை கதிர்த் தூர்கள், ஒரு கதிரில் எத்தனை மணிகள், ஒரு மணி என்ன எடை. தூர்கள் பெருகினால் கதிருக்கு மணிகள் குறையும். மணிகள் பெருகினால் எடை குறையும். செடியிடம் இருக்கும் சத்து ஒன்றுதான். அதைத்தான் இவை பங்கு போட்டுக்கொள்கின்றன.

சுவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் 1921-ல் முழுமையாக வகுத்த பாதைப் பகுப்பாய்வு இந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டும். பயிர்களுக்கு அதை 1959-ல் டூயி, லூ இருவரும் கோதுமைப்புல் என்ற தீவனப்புல்லின் விதை விளைச்சலில் பயன்படுத்திக் காட்டிய பிறகு அது எங்கும் பரவியது. எடுத்துக்காட்டாக, தூர் எண்ணிக்கை விளைச்சலைத் தானாகத் தூக்கும் நேர் விளைவு 0.7 என்று கொள்வோம். தூருக்கும் கதிர்மணி எண்ணிக்கைக்கும் உள்ள ஒட்டுறவு எதிர்மறை 0.6, கதிர்மணிகளின் நேர் விளைவு 0.6. அப்படியானால் தூர் கூடுவதால் மணி குறைந்து வரும் மறைமுக இழப்பு 0.36. மொத்த ஒட்டுறவு 0.34 என்றே தெரியும். அதை மட்டும் பார்க்கிறவர் தூரை ஒதுக்கிவிடுவார். பாதையைப் பார்க்கிறவர், தூர் கூடியும் மணி குறையாத அபூர்வ வரிசைகளைத் தேடிப் போவார். அவர்தான் முன்னேறுவார்.

இதே பகுப்பாய்வு தவறாகவும் பயன்படுகிறது. மொத்தச் செடி எடையும் அறுவடைக் குறியீடும்தான் விளைச்சலின் மீது மிகப் பெரிய நேர் விளைவு கொண்டவை என்று முடிக்கும் கட்டுரைகள் மிகப் பல. அறுவடைக் குறியீடு என்பதே மணி எடையைச் செடி எடையால் வகுத்த விகிதம். இரண்டையும் பெருக்கினால் விளைச்சல் வந்துதான் தீரும். அது உயிரியல் கண்டுபிடிப்பு ஆகாது, பெருக்கல் வாய்பாடு. இளம் ஆய்வாளர்கள் உழைத்து அளந்த தரவு இப்படி வீணாவது வருத்தமான விஷயம். அதே தரவிலிருந்து பூக்கும் நாளையும் கதிர்மணியையும் வைத்து எவ்வளவோ சொல்லியிருக்கலாம்.

இரண்டு குணங்கள் சேர்ந்தே வருவதற்குக் காரணம் ஒன்றல்ல. சில நேரம் இரண்டு மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இந்தக் கட்டை வெட்டலாம். சில நேரம் ஒரே மரபணு இரண்டு வேலை செய்யும். அதை வெட்ட முடியாது, வேறு மரபணுவைத் தேட வேண்டும். சில நேரம் மேலே சொன்ன பங்குச் சண்டை; அங்கே விதிவிலக்குகளைத் தேட வேண்டும். எந்தக் கட்டு எந்த வகை என்று கண்டுபிடிப்பதில்தான் வல்லுநரின் பல ஆண்டு உழைப்பு போகிறது.

முதல் வகைக்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு எல்.ஆர். 19. இலைத்துரு என்ற பூஞ்சை நோயைத் தடுக்கும் இந்த மரபணு உயரக் கோதுமைப்புல்லிலிருந்து கொண்டுவரப்பட்டது. கூடவே ஒரு நிறமி மரபணுவும் வந்து மாவை மஞ்சளாக்கியது. மஞ்சள் மீ செய்கிறவருக்கு அது வரம். வெள்ளை ரொட்டி வேண்டும் என்கிற நாடுகளில் அந்த மாவை யாரும் தொடவில்லை. கனடாவின் டக்ளஸ் நாட் மரபணுவில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, துரு எதிர்ப்பு அப்படியே இருக்க மஞ்சள் மட்டும் குறைந்த செடிகளை 1980-ல் பிரித்தெடுத்தார். ஒட்டியிருந்தவை இரண்டு தனித்தனி மரபணுக்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இரண்டாவது வகைக்குப் பசுமைப் புரட்சியின் குட்டை மரபணுக்களே சான்று. ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து அமெரிக்கக் கோதுமை வல்லுநர் ஆர்வில் வோகல் வழியாக, மற்றொரு வல்லுநரான நார்மன் போர்லாக்கின் மெக்சிகோ வயலுக்குப் போன ஆர்.எச்.டி. மரபணுக்கள் கோதுமைத் தண்டைக் குட்டையாக்கின. உரம் போட்டாலும் பயிர் சாயவில்லை. தண்டுக்குப் போன சத்து மணிக்குத் திரும்பியது. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் போர்லாக்கை 1963-ல் இந்தியாவுக்கு வரவழைத்தார். 1966-ல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வாங்கியது. 1968-ல் விளைச்சல் முந்தைய உச்சத்தைத் தாண்டி சுமார் 17 மில்லியன் டன்னை எட்டியது.

ஆனால் அந்த மரபணுக்கள் தண்டை மட்டும் குட்டையாக்கவில்லை. ஜிப்ரலின் என்ற வளர்ச்சி இயக்குநீருக்குச் செடி முழுவதுமே செவிசாய்க்காமல் போவதால்தான் குட்டையாகிறது; அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 1999-ல் அடையாளம் கண்டார்கள். முளைக்கும்போது இலையை மண்ணுக்கு மேலே கொண்டுவரும் முளையுறையும் அதனால் குட்டையாகிவிடுகிறது. மழை பொய்க்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில், ஈரம் இருக்கும் ஆழத்தில் விதைத்தால் முளை வெளியே வர முடியாமல் போகலாம். இந்தக் கட்டை வெட்ட வழியில்லை, ஏனெனில் இரண்டு வேலையையும் செய்வது ஒரே மரபணு. அதனால்தான் ஆர்.எச்.டி. 18 போன்ற மாற்றுக் குட்டை மரபணுக்களைக் கொண்ட, முளையுறை நீளமாகவே இருக்கும் ரகங்களை ஆஸ்திரேலியர்கள் சோதித்து வருகிறார்கள். நம் மாவு மூட்டைக்கு வரும் கோதுமையில் ஒரு பங்கு அந்த மண்ணிலிருந்து வருவது.

மூன்றாவது வகையில் எல்லாரும் மோதுவது விளைச்சலும் புரதமும். மாவுச்சத்து கூடக் கூட அதே அளவு தழைச்சத்து (நைட்ரஜன்) அதிக எடையில் பரவி, புரத விழுக்காடு இறங்குகிறது. எல்லா வரிசைகளையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால் இடமிருந்து வலமாகக் கீழே சரியும் ஒரு கோடு தெரியும். பழைய முறையில் புரதம் அதிகமுள்ளதைத் தேர்ந்தெடுத்தால் விளைச்சல் குறைந்ததே வந்து சேரும். இப்போது கோட்டுக்கு மேலே நிற்கும் புள்ளிகளைத் தேடுகிறார்கள்: தன் விளைச்சலுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகப் புரதம் தரும் வரிசைகள். காட்டு எம்மரிலிருந்து கிடைத்து 2006-ல் அடையாளம் காணப்பட்ட ஜி.பி.சி.-பி1 இப்படிப்பட்ட ஒரு மரபணு. இலை முதிர்வதை அது விரைவுபடுத்துகிறது. இலையிலிருக்கும் தழைச்சத்தும் இரும்பும் துத்தநாகமும் மணிக்கு அதிகமாக இறங்குகின்றன. பெரும்பாலான பயிர் ரகங்களில் இந்த மரபணு செயலிழந்து கிடக்கிறது. சப்பாத்தியையே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இரும்பும் துத்தநாகமும் எவ்வளவு தேவை என்பதை நினைத்தால், இதற்கு இன்னும் அதிக முதலீடு கிடைக்க வேண்டும்.

கம்பு ராகி வரிசையில் சேராத, ஐரோப்பிய தானியமான ரை கொடுத்த ஒரு குரோமோசோம் துண்டையும் சொல்லாமல் விட முடியாது. 1பி.எல்.1ஆர்.எஸ். என்ற அந்த மாற்றத்தில் மூன்று துரு நோய்களுக்கும் எதிர்ப்பு வந்தது. பல இடங்களில் விளைச்சலும் கூடியது. பஞ்சாபின் பி.பி.டபிள்யூ. 343 உட்படப் பல நாட்டு ரகங்கள் அதைச் சுமந்தன. விலையாக, பிசைந்த மாவு கையில் ஒட்டத் தொடங்கியது. அதைவிடப் பெரிய விலை பிறகு வந்தது. அந்தத் துண்டிலிருந்த எஸ்.ஆர். 31 என்ற தண்டுத்துரு எதிர்ப்பை வென்ற யூஜி 99 என்ற பூஞ்சை இனம் உகாண்டாவில் 1990களின் இறுதியில் தோன்றியபோது, உலகின் கோதுமைப் பரப்பில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் காப்பற்று நின்றது. வேறுபாடு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே போதும். துருவைக் கண்காணிப்பதில் நீலகிரியின் வெலிங்டனுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஆண்டு முழுவதும் கோதுமை விளையும். பூஞ்சையும் ஆண்டு முழுவதும் வாழும். அதனால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் அங்கே புதிய வரிசைகளைத் துருவுக்கு முன்னால் நிறுத்திச் சோதிக்கிறது.

நம் தட்டுக்கு வரும் தரக் குணங்கள் பலவற்றில் நிலைமை எளிது. விளைச்சலைப்போல் ஆயிரக்கணக்கான சிறு மரபணுக்கள் இல்லாமல் ஒன்றிரண்டு பெரிய மரபணுக்களே ஆட்டிவைப்பதால் மரபுவழித்திறன் அதிகம். கோதுமை கடினமா மென்மையா என்பதை 5டி குரோமோசோமிலுள்ள பியூரோஇண்டோலின் மரபணுக்கள் முடிவு செய்கின்றன. டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே மென் மணி கடின மணி ஆகலாம். கடின மணியை அரைக்கும்போது மாவுச்சத்துத் துகள்கள் அதிகம் உடைகின்றன, உடைந்த துகள் அதிகத் தண்ணீரை உறிஞ்சுகிறது, சப்பாத்தி மிருதுவாகிறது. மஞ்சள் மீ பழுப்பேறுவதற்குத் தவிட்டையொட்டி இருக்கும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காரணம். அதன் முக்கிய மரபணுக்கள் 2ஏ, 2டி குரோமோசோம்களில் உள்ளன. இலைத்துண்டு ஒன்றிலிருந்து மரபணுக் குறியீட்டைச் சோதித்தே இவற்றைத் தேர்ந்துவிடலாம். கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகம் டெமாசெக் அரிசியை உருவாக்கியபோது கையாண்டதும் இதே குறியீட்டு வழித் தேர்வுதான்.

கடைசியாக ஒன்று. மரபுவழித்திறனும் ஒட்டுறவும் செடியின் நிரந்தர அடையாளங்கள் அல்ல. அந்த வயலுக்கும் அந்தப் பருவத்துக்கும் உரியவை. 2022 மார்ச்சில் வட இந்தியாவில் வெயில் முன்கூட்டியே கொளுத்தியது. மணி பால் பிடிக்கும் நாள்கள் சுருங்கின. மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. குளிர் நீண்ட ஆண்டில் தாமதமாகப் பூக்கும் ரகம் அதிகம் விளையும். வெயில் முந்திவரும் ஆண்டில் முன்னால் பூத்ததே தப்பிக்கும். பூக்கும் நாளுக்கும் விளைச்சலுக்கும் உள்ள ஒட்டுறவின் குறியே தலைகீழாகிவிடுகிறது. ஒரே இடத்தில் ஒரே பருவத்தில் அளந்தால், மரபுக்கும் சூழலுக்கும் இடையிலான ஊடாட்டமும் மரபுக் கணக்கிலேயே சேர்ந்து மரபுவழித்திறனை ஊதிக் காட்டும். 90 விழுக்காடு என்று ஒரு கட்டுரை சொன்னால், எத்தனை ஊர்களில், எத்தனை பருவங்களில் விதைத்தார்கள் என்று பார்த்துவிட்டே அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பத்துக்காகத் தேர்வு செய்கிறவர்கள் இப்போது பயிரின் மேற்பரப்பு வெப்பத்தையும் அளக்கிறார்கள். வேர் ஆழமாகப் போய்த் தண்ணீரை இழுக்கும் செடியின் இலை குளிர்ச்சியாக இருக்கும், அகச்சிவப்புக் கருவியால் ஆயிரம் பாத்திகளைக்கூட ஒரே பகலில் அளந்துவிடலாம். வாட்கின்ஸ் சேகரிப்பிலும் காட்டுப்புல் கலந்த செயற்கைக் கோதுமைகளிலும் இந்தக் குணத்துக்கு இன்னும் தொடப்படாத வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், தேடல் இப்போது அந்தப் பக்கமும் திரும்பியிருக்கிறது.